நிற்கிற வண்டியின் சுருதி

பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒருவர் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடலாம், கல்யாணப் பந்தலில் சம்பந்தியைத் திட்டலாம், குடித்துவிட்டுக் கோயில் வாசலில் படுத்துக்கூடக் கிடக்கலாம். ஒரு வாரத்தில் ஊர் எல்லாவற்றையும் மறந்துவிடும். விழாவில் மணி வாங்கினால் மட்டும் மறக்காது. பேரன் பேத்தி எடுத்த பிறகும், "அவரா? பல்லவியிலேயே மணி வாங்கினாரே, அவர்தானே?" என்றுதான் அடையாளம் சொல்லும்.

விழா என்றால் அங்கே ஒன்றுதான். வருடா வருடம் தை மாதத்து ஞாயிறு மாலையில், பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடக்கிற பாட்டு விழா. நாற்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. பாடுகிறவர்கள் பெயிண்டர்கள், நர்சுகள், தையல்காரர்கள், கம்பெனி கேப் ஓட்டுகிறவர்கள். சமீப காலமாக, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் உண்டு. விழாவின் முதல் விதி மேடையின் நெற்றியில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும்: 'பாட்டுக்கென்று ஒரு பைசா வாங்கியவர் இங்கே பாடவும் கூடாது, வாசிக்கவும் கூடாது.' பாடுகிறவர் ஒரே ஒரு பக்கவாத்தியம் வைத்துக்கொள்ளலாம். அதை மனிதக் கை இயக்க வேண்டும். போனில் சுருதி போடுவதை முன்பு அனுமதித்திருந்தார்கள். ஒரு தடவை பக்திப் பாட்டின் நடுவில் அந்தப் போன் மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம் பாடியது. அன்றோடு அது ஒழிந்தது.

மணி சரளாவின் கையில் இருந்தது. இட்லிக் கடை நடத்துகிற சரளா. ஒருவர் சுருதியை விட்டு விலகினால் பித்தளைக் கைமணி கணீரென்று அடிக்கும், பாடியவர் இறங்கிவிட வேண்டும். கட்டிய கணவன் நாகேஷுக்கே அடித்தவள், மற்றவர்களுக்கா தயங்குவாள்? ஒரு வருடம் மணி வாங்கினால் அன்றைக்கு விழா முடிந்ததும் நாற்காலி அடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு வருடம் வாங்கிவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் நாற்காலிதான், மேடை கிடையாது. பாட வாய்ப்புக் கேட்டுக் காத்திருப்பவர்கள் அவ்வளவு பேர். இப்படி இரண்டு மணி வாங்கியவர்களுக்கு ஊர் வைத்த பெயர் நாற்காலிப் படை. நாகேஷ் அதில் ஒரு சிப்பாய்.

மகாவுக்குப் போன வருடம் முதல் மணி விழுந்தது.

மகா ஆட்டோ ஓட்டுகிறவள். அதற்கு முன் பதினோரு தடவை அதே மேடையில் பாடியிருக்கிறாள், ஒரு தடவையும் மணி வாங்கியதில்லை. பெரிய சங்கீதம் ஒன்றும் கிடையாது. தானே கட்டிய பாட்டை, சவாரி இல்லாத நேரத்தில் வண்டியில் உட்கார்ந்து பாடிப் பாடி மெருகேற்றி, மேடையில் போய்க் கம்பீரமாகப் பாடிவிட்டு வருவாள். பக்கவாத்தியம் இல்லை. மற்ற நாளெல்லாம் "ஏய் ஆட்டோ" என்று கூப்பிடுகிற ஊர், அன்று ஒரு மாலை மட்டும் "மகாம்மா பாடறாங்க, சும்மா இரு" என்று சொல்லும். அதற்காகத்தான் அவள் வருடம் முழுக்கக் காத்திருப்பாள்.

போன வருடம் மூன்றாவது அடியிலேயே குரல் எங்கோ போயிற்று. கணீர். அவள் முதலில் மைக்கைக் குறை சொன்னாள். பிறகு தொண்டைக்கட்டு என்றாள். கடைசியில் சரளா கடைச் சட்னியில் புளி அதிகம் என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சரளா பதிலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று மாலை மகா நாற்காலி அடுக்கும்போது படைத் தலைவர் ரெமிஜியஸ்தான் பக்கத்தில் வந்து, "ஆறு ஆறா வைம்மா, ஏழு வெச்சா சாஞ்சிடும்" என்று கற்றுக்கொடுத்தார்.

ரெமிஜியஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் ஆட்டோக்காரர். ஜோகுபாளையத்தில் பிறந்து ஒக்கலிபுரத்துக்குக் குடி போனவர். வாலிபத்தில் இரண்டு வருடம் பாட வந்தார். இரண்டாம் வருடம் அவர் வாயைத் திறந்ததுமே மணி அடித்துவிட்டார்கள். என்ன பாட்டுப் பாட வந்தார் என்பதுகூட இன்றுவரை யாருக்கும் தெரியாது. வேறு ஆளாக இருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டான். இவரோ வருடம் தவறாமல் ஒக்கலிபுரத்திலிருந்து வந்து, கடைசிப் பாட்டுவரை நின்று கேட்டு, நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போவார்.

போன வருட விழாவுக்குச் சில மாதம் முன்பு மகாவின் பழைய கேஸ் ஆட்டோவை வாங்கியவரும் அவர்தான். அதை அவருக்குத் தள்ளிவிட்டுத்தான் அவள் எலக்ட்ரிக் ஆட்டோ எடுத்தாள். புது வண்டி சத்தமே போடாது. ஏறுகிறவர்கள் எல்லாம் "ஆஹா, எவ்வளவு அமைதி" என்றார்கள். அவளுக்கு மட்டும் அந்த அமைதியில் பாடவே வரவில்லை. ஏன் என்று புரியவும் இல்லை.

புரிந்தது அல்சூர் மெட்ரோவுக்குப் பக்கத்து சிக்னலில். விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றபடி, புதுப் பாட்டை வழக்கம்போல வழி தெரியாமல் முனகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அடுத்த நொடி அவள் குரல், சாவி பூட்டில் விழுவதுபோலப் பாட்டில் போய் விழுந்தது.

*ஏரியிலே நிலவிருக்கு, ஏறிவர ஆளில்ல,*
*மேட்டுத்தெரு வீட்டுக்குள்ள விளக்கிருக்கு, எண்ணெயில்ல…*

அவளுக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். அவளுடைய பழைய வண்டி. உள்ளே ரெமிஜியஸ், கேஸை மிச்சம் பிடிக்கிற நல்ல பிள்ளையாக எஞ்சினை அணைக்கக் கையைக் கொண்டுபோனார்.

"அண்ணா! ஆஃப் பண்ணாதீங்க! ஆஃப் பண்ணாதீங்க!"

"இன்னாம்மா ஆச்சு? நெருப்பு கிருப்பு புடிச்சிக்கிச்சா?"

"இல்லண்ணா, அப்படியே வைங்க! பாடிக்கினு இருக்கேன்!"

பச்சை விழுந்தது. பின்னால் முப்பது ஹாரன் அலறியது. மகா கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு அடி பாடிவிட்டுத்தான் நகர்ந்தாள். ஒரு டெம்போக்காரர் கன்னடத்தில் அவள் பரம்பரையையே விசாரித்தார். அவள் காதில் அது விழவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை வருடமும் தனக்குச் சுருதி போட்டது அந்த வண்டிதான். பந்தலுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, எஞ்சின் காதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேடையேறியதால் அது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. தம்புராவை விற்றுவிட்டுத் தொண்டையைக் குறை சொன்ன கதை அவளுடையது.

இந்த வருடம் விழா நடத்துகிற சங்கத்தில் புதிதாக ஒரு விதி வேறு போட்டிருந்தார்கள். பாடுகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்பே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட வேண்டும். நாலு பேர் நாலு சுருதியில் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் காதில் எது தங்கும்? வண்டி மேடைக்கே வந்தால்தான் உண்டு. வராவிட்டால் இரண்டாவது மணி. அப்புறம் ஆயுளுக்கும் ஆறு ஆறாக அடுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அல்சூர் ஏரிக்கரையில் டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். ரெமிஜியஸ் டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்து, கிளாஸைக் கீழே வைத்தார்.

"வண்டிய குடுக்க மாட்டேன். அத்தப் பத்தி உனக்கே தெரியும், ஆக்ஸிலேட்டர புடிச்சினே இருக்கணும், உட்டா அணைஞ்சிடும். அதனால நானே வரேன். ஆனா ஒண்ணு. மைக்ல என் பேர சொல்லணும்."

"இன்னான்னு சொல்லணும்ணா?"

"பக்கவாத்தியம், ஒக்கலிபுரம் ரெமிஜியஸ்னு."

மகாவுக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"சொல்ல வெக்கிறேண்ணா. ஆனா உங்களுக்குச் சுருதி தெரியுமா?"

"அதெல்லாம் எனக்கெங்கம்மா தெரியும்? எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரே சத்தம்தான். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் இதுதான் காதுல ஓடுது. வூட்டுல படுத்தாலும் இதேதான். பேஜாரு."

தினமும் மத்தியானம் ஏரிக்கரையில் சாதகம் நடந்தது. ரெமிஜியஸ் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரைப் பிடிப்பார், மகா பின்சீட்டில் உட்கார்ந்து பாடுவாள். சவாரி கேட்டு வந்தவர்களை அவர் "கச்சேரி நடக்குது, போய்யா" என்று விரட்டினார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விழாவுக்கு முதல் நாள் அவர் ஒரு காரியம் செய்தார். மேடைக்குப் போகிற வாத்தியம் மரியாதையாகப் போக வேண்டும் என்று வண்டியை சர்வீசுக்கு விட்டுவிட்டார்.

வண்டி பளபளவென்று வந்தது. எஞ்சின் வெண்ணெயாக ஓடியது. சுருதி எங்கேயோ மேலே போயிருந்தது.

"அய்யோ அண்ணா, யாரு உங்கள சர்வீஸ் பண்ணச் சொன்னது?" மகா தலையில் கைவைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இந்த ஒசரத்துல நான் பாடினா ஏரியில இருக்கிற மீனு செத்துடும்."

ரெமிஜியஸ் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினார். ஐடிலிங் ஸ்குருவைக் கொஞ்சம் திருகினார். சத்தம் இறங்கியது. இன்னும் கொஞ்சம். மகா காதைத் தீட்டிக்கொண்டு, சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் எழுந்து ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நான் சொல்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்களே?"

"இதானேம்மா அது?" என்றார், அதில் என்ன கேள்வி என்பதுபோல.

அதுதான் அது.

விழா அன்று மைதானம் நிறைந்துவிட்டது. வறுகடலை, சுண்டல், குழந்தைகள், கொசு, எல்லாம் உண்டு. சங்கத் தலைவர் கோவிந்தராஜன் மைக்கைப் பிடித்திருந்தார். ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விதிகளை வேதமாக நினைக்கிறவர். சரளா மேடை ஓரத்தில் ஸ்டூல் போட்டு மணியை மடியில் வைத்திருந்தாள். தஞ்சாவூர்ப் பையன் ரகுராம் முந்தின பாட்டை அப்பழுக்கில்லாமல் பாடிவிட்டு இறங்கியிருந்தான். அடுத்தது மகா.

பந்தலின் பக்கவாட்டிலிருந்து புகை கக்கிக்கொண்டு ஒரு ஆட்டோ வந்து மேடைக்குக் கீழே நின்றது. கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. ரெமிஜியஸ் வெள்ளைச் சட்டை போட்டு, சந்தனம் பூசியிருந்தார். கிறிஸ்தவருக்குச் சந்தனம் எதற்கு என்று நாகேஷ் கேட்டதற்கு, வித்வான்கள் பூசுவார்கள் என்றாராம்.

"சார், ஒரு நிமிஷம்," ரகுராம் எழுந்தான். கெட்ட பையன் இல்லை, சட்டம் பேசாவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான். "பக்கவாத்தியமும் பாட்டுக்குக் காசு வாங்கியிருக்கக் கூடாதுன்னு விதி இருக்கே? இது வாடகைக்கு ஓடற வண்டி. தொழில்முறை வாத்தியம் சார் இது."

கோவிந்தராஜன் திடுக்கிட்டு மேடையின் நெற்றியை அண்ணாந்து பார்த்தார். விதி அங்கேதான் இருந்தது.

"ஓடுனதுக்குத்தான்பா காசு வாங்கிச்சு," மகா மேடையேறி மைக்கில் சொன்னாள். "சத்தத்துக்கு யாரும் குடுக்கல. திட்டத்தான் செஞ்சாங்க."

கூட்டம் கைதட்டியது. ரகுராம் விடவில்லை. "நின்னுட்டு இருந்தாலும் மீட்டர்ல வெயிட்டிங் சார்ஜ் ஏறும் இல்லையா? ஓடாம நின்னு சத்தம் போட்டதுக்குக் காசுன்னா, அது இந்தச் சத்தத்துக்கான காசுதானே?"

பையன் சரியான இடத்தில் பிடித்துவிட்டான். கோவிந்தராஜன் நீதிபதிபோலக் கீழே குனிந்தார். "ரெமிஜியஸ், மாதா மேல ஆணையா சொல்லு. மீட்டர் போட்டு வெயிட்டிங் சார்ஜ் வாங்கியிருக்கியா?"

ரெமிஜியஸ் புரியாமல் பார்த்தார்.

"மீட்டரா?" என்றார்.

அப்போது எழுந்த சிரிப்பு ஏரிக்கரைவரை கேட்டிருக்கும். அவர் நொந்துபோனார். "சார், இந்த ஊர்ல என்னிக்கு சார் மீட்டர் போட்டோம்? இந்தத் தம்பியையே முந்தாநேத்து ஸ்டேஷன்ல இருந்து இட்டுக்கினு வந்தேன். கேளுங்க, மீட்டர் போட்டனான்னு."

எல்லாரும் ரகுராமைப் பார்த்தார்கள். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் தலையாட்டினான். "போடல சார். டபுள் கேட்டார். ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கறேன்."

"பாடுவது, ஜோகுபாளையம் மகா," கோவிந்தராஜன் அறிவித்தார். "பக்கவாத்தியம், ஒக்கலிபுரம் ரெமிஜியஸ்."

ரெமிஜியஸ் கும்பிடுவதற்காக எழுந்தார், கூரைக் கம்பியில் தலை இடித்தது, வலிக்காதவர்போல உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரைப் பிடித்தார். வண்டி அந்தப் பழைய கார்வையில் நின்று உறுமியது. மகா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். ஏரியிலே நிலவிருக்கு. குரல் வழுக்காமல் போய் உட்கார்ந்தது. முதல் அடி, இரண்டாம் அடி, போன வருடம் கவிழ்த்த மூன்றாம் அடி, எல்லாம் தாண்டியாயிற்று. சுண்டல் தின்கிற சத்தம் நின்றது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நான்காவது அடியில் வண்டி ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. அணைந்துவிட்டது.

காலையிலிருந்து கடைசிச் சாதகம் என்று அந்த மனிதர் எஞ்சினை ஓடவிட்டு ஓடவிட்டே கேஸைக் காலி செய்திருந்தார். ரிசர்வ் பெட்ரோலும் போயிருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாளே சாம்பார் முழுவதையும் ருசி பார்த்துத் தீர்த்த சமையல்காரர்.

மகாவின் காலடியில் இருந்ததை யாரோ உருவிவிட்டதுபோல இருந்தது. அடுத்த வார்த்தை தெரியும், அதை எந்த உயரத்தில் வைப்பது என்று தெரியவில்லை. ஓரக்கண்ணில் சரளாவின் கை மணியைப் பிடிப்பது தெரிந்தது. போயிற்று என்று நினைத்தாள்.

அப்போது கீழே இருந்து அந்தச் சத்தம் மறுபடி வந்தது.

வண்டி அணைந்தே கிடந்தது. ரெமிஜியஸ் வாயை மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து, "ம்ம்ம்" என்று ஒரே கார்வையைப் பிடித்திருந்தார். கை இன்னும் செத்த ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக அவர் காதில் ஓடிய அதே சத்தம், மயிரிழைகூட விலகாமல். எஞ்சினில் இருந்த நடுக்கம்கூட அதில் இருந்தது. மகா அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியில் ஏறினாள்.

சரளாவின் மணி பாதி உயரத்தில் நின்றது. இரண்டு மணி வாங்கியவர் விழாவில் வாய் திறக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். கூட்டம் அவள் கையையே பார்த்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். மகாவைக் கேட்டாள், பிறகு ரெமிஜியஸைக் கேட்டாள். மணி எதற்கு? சுருதி விலகினால் அடிப்பதற்கு. அந்தச் சத்தம் எங்கும் விலகவில்லை. அவள் மணியை மெதுவாக மடியில் வைத்து, நாக்கு ஆடிவிடாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

மகா பாட்டைச் சீக்கிரம் முடிக்கவில்லை. பல்லவிக்கு மறுபடி வந்தாள், இன்னொரு தடவையும் வந்தாள். மூச்சு முட்ட முட்ட, முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வர, அவர் விடாமல் பிடித்திருந்தார். பாட்டை முடித்து அவரை நிறுத்தவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

முதல் பரிசு ரகுராமுக்குத்தான். நியாயமானதுதான். மகாவுக்கு ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டப்பா கிடைத்தது. அதை அவள் உலகக் கோப்பைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றினாள். மணி விழவில்லை, மேடை அவளுடையது. அடுத்த வருடமும் வரலாம்.

கூட்டம் கலைந்ததும் ரெமிஜியஸ் வழக்கம்போலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். முதல் நாற்காலியைத் தூக்கினார். சரளா வந்து அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"கைய எடுங்கண்ணா. மணி வாங்காதவங்க நாற்காலிய தொடக் கூடாது."

"நான் எங்கம்மா பாடினேன்? சும்மா சத்தம்தானே குடுத்தேன்."

"நான் மணி அடிச்சனா?"

"இல்ல."

"அப்போ பாடினீங்க," என்று சொல்லிவிட்டு, நாற்காலியை அவர் முன்னாலேயே போட்டுவிட்டுப் போனாள்.

ரெமிஜியஸுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நெற்றிச் சந்தனத்தைத் தடவிப் பார்த்தார். மகா பக்கத்தில் வந்து அவர் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். நாகேஷும் மற்றவர்களும் மைதானம் முழுவதையும் ஆறு ஆறாக அடுக்கி முடித்தார்கள். அவர் எழுந்திருக்கும்வரை அந்த ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை.